பெரிபெரியும் புழுங்கலரிசியும்

பழைய மலாயாவில் நம்மவர் பட்ட பாட்டை எழுதுவோர் மலேரியாக் காய்ச்சலையும் வயிற்றுக்கடுப்பையும் தவறாமல் குறிப்பர். ஆனால் தமிழரை அவ்வளவாக அண்டாது விலகிய நோய் ஒன்றும் அக்காலத்தில் இருந்தது. அதுவே பெரிபெரி. கால் மரத்து, உடல் வீங்கி, முடிவில் நெஞ்சு தளர்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் ஆயிரக்கணக்கில் அதற்கு இரையாயினர்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராயிருந்த பிராடன் இவ்வேற்றுமையை ஊன்றி நோக்கினார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நாட்பட்ட பச்சரிசியில் நஞ்சு ஊறுகிறது என 1907இல் அவர் நூல் எழுதினார். சொன்ன காரணம் பிழை. கண்ட வேற்றுமை மெய்.

இதற்கிடையே, 1905 டிசம்பரில், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் பிளெச்சர் என்னும் மருத்துவர் ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, ஒற்றைப்படை எண்ணினர்க்குப் பச்சரிசியும் இரட்டைப்படை எண்ணினர்க்குப் புழுங்கலரிசியும் ஓராண்டு கொடுத்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. தம் மனமே தம் வசமில்லாத அவ்வேழைகளிடம் யார் ஒப்புதல் கேட்டிருக்கக்கூடும்? இக்கணக்கைப் படிக்குந்தோறும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பின்னர்ப் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட 300 ஜாவானியரை இரு பிரிவாக்கினர். பச்சரிசிப் பிரிவில் நோய் தோன்றியதும் உணவை மாற்றிக் கொடுத்தனர். நோயும் இடம் மாறிற்று. நஞ்சன்று, தவிட்டோடு போன ஏதோ ஒரு சத்தின் குறைவே காரணம் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. 1926இல் ஜாவாவில் ஆய்ந்த யான்சன், டோனாத் இருவரும் அச்சத்தைத் தனியே பிரித்தெடுத்தனர். அதுவே உயிர்ச்சத்து பி1.

நெல்லை ஊறவைத்து உமியோடு அவிக்கையில் தவிட்டிலுள்ள அச்சத்து நீரில் கரைந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கும். இதனைத் தோட்ட நிருவாகத்தின் கருணை என்பார் உண்டேல் நான் ஒப்பேன். ஊரில் உண்டதையே நம்மவர் இங்கும் உண்டனர், அவ்வளவே.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் தோன்றுமுன்பே இவ்வழக்குத் தீர்ந்துவிட்டது. இன்று கோலா தெர்லாவில் என் மாணவர் வீடுகளில் வேகுவது பெரும்பாலும் வெள்ளைப் பச்சரிசியே. மற்ற உணவுகள் பெருகியதால் பெரிபெரி அச்சமில்லை. அண்மையில் இக்கதையை வகுப்பில் சொன்னேன். பின்வரிசைச் சிறுமி எழுந்து, "இட்லிக்கு ஊறப்போடுவார்களே, அந்த அரிசியா ஐயா?" என்றாள்.