கட்டற்ற மென்பொருளும் கரிசல் நாடும்

கணினியின் உறுப்புகளை ஒருங்கே இயக்கும் கட்டளைத் தொகுதியை இயங்குதளம் என்பர். அஃது இருவகைப்படும். மூலநிரலை மறைத்து வைத்து, பயன்படுத்தும் உரிமத்தை மட்டும் விலைக்குத் தருவது ஒருவகை, விண்டோஸ் இவ்வகையினது. மூலநிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும் விடுப்பது மற்றொரு வகை, லினக்ஸ் இவ்வகையினது. பின்னதனைக் கட்டற்ற மென்பொருள் எனத் தமிழில் வழங்குகிறோம். முன்னதிற் பழகியோரைப் பின்னதன்பால் ஈர்க்கத் தமிழகத்தில் நிகழ்ந்த முயற்சிகள் யாவை, அவற்றுள் பயன் தந்தன யாவை என்பனவற்றை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களை மனத்திற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்ததே இவ்வியக்கத்தின் தோற்றுவாய் எனலாம். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கருவை வெளியிட்டார். 'திறமூலம்' என்னும் கருத்துக்குரிய பெயர் 1998இல் எழுந்தது. முன்னவர் உரிமையை வற்புறுத்தினர். பின்னவர் பயனை வற்புறுத்தினர். இவ்வேறுபாடு தமிழகத்து முயற்சிகளிலும் காணப்படுவதாகும்.

இக்கரிசல் நாட்டு மாணவர் பலர்க்கு விண்டோஸ் அல்லாத ஒன்றன் அறிமுகம் பாடநூல் வழியே வந்தது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழக மேல்நிலைக் கணினி அறிவியற் பாடநூல் 'ஸ்டார் ஆபீஸ்' என்னும் தொகுப்பைக் கற்பித்தது. அதனை உடைமையாகக் கொண்டிருந்த சன் நிறுவனம் 2000இல் அதன் மூலநிரலை விடுத்தமையாலேயே 'ஓப்பன் ஆபீஸ்' பிறந்தது. ஆயினும், பள்ளியில் ஒன்றைக் கற்ற மாணவர் வெளியே வந்து தட்டச்சு நிலையத்திலும் அச்சுக்கடையிலும் கண்டது மைக்ரோசாப்டின் மென்பொருளையே. கல்வியும் கடைத்தெருவும் ஒன்றையொன்று அறியாதிருந்தன.

அரசு நிலையில் நிகழ்ந்த முதற் பெருமுயற்சி எல்காட் நிறுவனத்தினது. சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2006, 2007ஆம் ஆண்டுகளையொட்டி, அந்நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளைச் சூசி லினக்சுக்கு மாற்றிப் பிற துறைகளுக்கும் அதனைப் பரிந்துரைத்தது. அதே 2007இல் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 'பாஸ்' என்னும் இந்திய லினக்சை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பெற்றது. விண்டோசும் பாசும் ஒருசேர நிறுவப்பெற்ற மடிக்கணினிகள் சிற்றூர்ப் பள்ளி மாணவர் கைகளையும் அடைந்தன. விண்டோஸ் எக்ஸ்பிக்கு அளித்த ஆதரவை மைக்ரோசாப்டு 2014 ஏப்ரலில் நிறுத்தியபொழுது, பாஸ் லினக்சுக்கு மாறுமாறு தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது.

இவ்வளவு முயன்றும் மக்கள் வழக்கில் விண்டோசே நிலைபெற்றது. இதற்குக் காரணம் யாது? விலையின்மையே கட்டற்ற மென்பொருளின் முதற்சிறப்பெனப் பலர் எடுத்துரைத்தனர். உரிமம் பெறாத படியை நிறுவிக்கொள்ளும் வழக்கம் நாடெங்கும் பரவியிருந்த நிலையில், விண்டோசுக்கு விலை கொடாதவர்க்கு விலையின்மையைச் சிறப்பாகக் கூறுதல் பயன் தராது. இஃது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் தமிழெழுத்தைப் பற்றியது. அதுவே வலியது என்பது எம் கருத்து. அச்சுக்கடைகளும் அலுவலகங்களும் பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்களைக் கையாண்டன. ஒவ்வொன்றும் தனக்கெனக் குறியேற்ற முறை உடையது. ஓர் எழுத்துருவில் அடித்தது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். திருமண அழைப்பிதழும் கோயில் விழா அறிக்கையும் அம்முறைகளில் சேர்த்து வைக்கப்பெற்றிருக்க, அவற்றைத் துறந்து வேறொரு தளத்துக்கு வருமாறு ஓர் அச்சுக்கடைக்காரரை அழைத்தல், அவருடைய முதலை விட்டு வருமாறு அழைப்பதை ஒக்கும். சென்னையில் 1999இல் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பெற்றது. ஒருங்குறியை அரசு தன் தரமாக ஏற்றது 2010இலேதான். இயங்குதளத்தை மாற்றச் சொல்லுமுன் எழுத்தை விடுவித்திருத்தல் வேண்டும். அது காலந்தாழ்ந்தே நிகழ்ந்தது.

இக்கருத்துக்கு எதிர்மறைச் சான்றும் உண்டு. 'தமிழா' குழுவினர் ஆக்கிய இ-கலப்பை என்னும் கட்டற்ற தட்டச்சுக் கருவி விண்டோசிலேயே இயங்கியது. பழகிய தளத்தை விடுமாறு எவரையும் அது கேட்கவில்லை. ஒருங்குறித் தமிழைப் பலர்க்கும் எளிதாக்கியது. பயர்பாக்ஸ் உலாவியும் ஓப்பன் ஆபீசும் அவ்வாறே விண்டோசுக்குள் இடம்பெற்றன. 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழ் தமிழிலேயே இவற்றை விளக்கிற்று. வாயில் அறியாதவனை மாளிகைக்குள் அழைப்பதினும், அவன் இல்லத்திற்கே ஒரு விளக்கைக் கொண்டு செல்லுதல் நன்றென்பதை இவை காட்டுகின்றன.

கேரளத்து வரலாறு ஒப்புநோக்கத் தக்கது. அங்கு 2001இல் தோன்றிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், பின்னர்ப் பள்ளிக் கணினிக் கல்வி முழுவதையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. ஆசிரியர்க்குப் பயிற்சியும், பாடத்திற்கு ஏற்ற மென்பொருளும், தேர்வும் அங்கே ஒருவழிப்பட்டன. இங்கோ கருவி வழங்கப்பெற்ற அளவுக்கு அதனைக் கையாளும் பயிற்சி பரவவில்லை. ஒரே கணினியில் இரண்டு தளங்கள் இருப்பின், கற்பிப்பார் இல்லாதது திறக்கப்படாமலே கிடத்தல் இயல்பு.

வானம் பார்த்த இந்நாட்டார்க்குப் பொதுவுடைமையின் இலக்கணம் புதிதன்று. கண்மாய் ஊர்க்கெல்லாம் பொது. எனினும் கரையை உயர்த்தவும் மடையைச் செப்பனிடவும் வண்டலை அகற்றவும் ஊரார் குடிமராமத்தில் உழைத்தனர். உழைப்பு நின்றவிடத்துக் கண்மாய் தூர்ந்தது. மென்பொருளுக்கும் இந்நெறி பொருந்தும். இணையப் பாதுகாப்பிற்கு உலகெங்கும் பயன்பட்ட 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்னும் கட்டற்ற நிரலில் பெருங்குறை ஒன்று 2014இல் வெளிப்பட்டபொழுது, அதனைப் பேணியவர் மிகச் சிலரே என்பது தெரியவந்தது. நீர் முகந்தோர் எண்ணிறந்தோர். தூர் எடுத்தோர் சிலர்.

இவ்வாராய்ச்சி பழங்கதையைப் பற்றியதன்று. விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. அரசு முன்னாளில் வழங்கிய மடிக்கணினிகளுட் பல விண்டோஸ் 11க்குரிய தகுதி உடையன அல்ல. நெசவாளர் வீட்டிலும் மானாவாரி உழவர் வீட்டிலும் உள்ள அக்கருவிகளை எறிவதா, லினக்சால் வாழ்விப்பதா என்னும் வினா இன்று எழுகின்றது. விலையைச் சொல்லி ஈர்க்க முயன்ற பழைய வழி பயனற்றது என்பதை வரலாறு காட்டியது. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித் தருதல், அருகிருந்து கற்பித்தல், தமிழில் விளக்க நூல் எழுதுதல் என்னும் மூன்றுமே பயன் தரும் வழிகளாம். முதலும் இறுதியும் தமிழ் கற்றோர் கடமை; தமிழ்த்துறைகள் அவற்றை மேற்கொள்ளுதல் தகும்.