சந்தா, கடன், காத்திருப்பு: சுயமுதல் மென்பொருள் வணிகம் குறித்து

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதித் தருகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். முன்பெல்லாம் ஒரே விலை. வாங்கினால் கடைக்காரருக்குச் சொந்தம். சில வருடங்களுக்கு முன் வருடச் சந்தாவுக்கு மாறினார். ஒரு கடைக்காரர் கேட்டாராம்: "தராசு வாங்கினேன், என்னுது. கல்லாப்பெட்டி வாங்கினேன், என்னுது. இதுக்கு மட்டும் வருஷா வருஷம் வாடகையா?" நண்பரிடம் பதில் இல்லை. உடைமை பற்றி அதுவரை நான் படித்து வைத்திருந்ததும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

சுயமுதல் என்ற சொல்லை மென்பொருள்காரர்கள் இப்போது பெருமையோடு புழங்குகிறார்கள். வெளி முதலீட்டாளரிடம் கைநீட்டாமல், விற்று வரும் காசிலேயே வளர்வது என்று பொருள். அந்தச் சொல்லில் இருக்கும் 'சுயம்' யாருடையது என்பதுதான் என் கேள்வி.

இதற்கு இந்த ஊரிலேயே ஒரு முன்கதை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் குமரப்பன் என்ற நகரத்தார் பழனிக்கு உப்பு விற்க வந்ததையும், லாபத்தில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக ஒதுக்கியதையும் நகரத்தாரின் பழனிச் செப்பேடுகள் சொல்கின்றன. தைப்பூசத்துக்கு அவர்கள் காவடியோடு நடந்துவரும் வழக்கத்தின் தொடக்கத்தையும் இந்த உப்போடுதான் இணைக்கிறார்கள். நகரத்தார் வணிகம் பற்றி டேவிட் ரட்னர் எழுதி 1994இல் வந்த நூல், கோயில் கொடையையும் வியாபாரத்தையும் பிரிக்காமல் ஒரே வரலாறாக வாசிக்கிறது. அப்படி வாசித்தால் மகமை என்பது காணிக்கை மட்டுமல்ல, அந்நிய ஊரில் நம்பகம் பெறுவதற்கான செலவும்கூட. கணக்கில் பங்காளியாக உட்கார்ந்திருக்கிற கடவுள் முதலைத் திருப்பிக் கேட்பதில்லை. மூன்று வருடத்தில் மூன்று மடங்காக்கு என்று நெருக்குவதும் இல்லை. இப்படி ஒரு பங்காளி எல்லோருக்கும் வாய்க்குமா என்ன!

இன்று தமிழ்நாட்டில் சுயமுதலுக்கு உதாரணமாகச் சொல்லப்படுவது ஜோஹோ. 1996இல் ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலியோர் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. அப்போது அது சந்தா வணிகமே அல்ல. தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கு வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் விற்றார்கள். 2000-2001இல் இணையக் குமிழி உடைந்தபோது, வாங்கிக்கொண்டிருந்த கம்பெனிகள் பலவும் காணாமல் போயின. அடுத்து, நிறுவனங்களின் கணினிப் பிரிவுகளுக்கு நேரடியாக விற்கும் மேனேஜ்எஞ்சின். இவற்றின் வரும்படியில்தான் 2005இல் ஜோஹோ என்ற பெயரில் இணையவழிச் சந்தா மென்பொருள்கள் வந்தன. 2009இல் கம்பெனியின் பெயரே ஜோஹோ ஆயிற்று. மூத்தது சம்பாதித்து இளையதைப் படிக்கவைக்கிற நம் வீட்டுக் கணக்குதான் இது. துணிகர முதலீட்டு நிதிக்குப் பொதுவாகப் பத்து வருட ஆயுள். அதற்குள் பங்கை விற்று வெளியேறியாக வேண்டும். அந்தக் கடிகாரம் இவர்கள் சுவரில் மாட்டப்படவில்லை.

எதற்கு இவ்வளவு காத்திருப்பு என்றால், சந்தாவின் கணக்கு அப்படி. ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க விளம்பரம், ஆள், அலைச்சல் என்று 1,200 ரூபாய் ஆகிறது, அவர் மாதம் 100 ரூபாய் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். போட்ட காசு திரும்பவே ஒரு வருடம். நூறு பேரைப் பிடித்தால் 1,20,000 ரூபாய் முடங்கும். வேகமாக வளர்கிறவன்தான் முதலில் காசில்லாமல் சாவான். இதற்கிடையே நூற்றுக்கு மூன்று பேர் மாதாமாதம் கழன்றுகொண்டால் வருடக் கடைசியில் எழுபது பேர்கூடத் தேறமாட்டார்கள். முதலீட்டாளர் பணம் இருந்தால் குடத்தின் ஓட்டையைப் பார்க்காமல் இன்னும் கொஞ்ச காலம் ஊற்றிக்கொண்டிருக்கலாம். சுயமுதல்காரனுக்கு அது முடியாது. அவனுக்கிருக்கும் ஒரே குறுக்குவழி, வருடச் சந்தாவை முன்பணமாக வாங்குவது. பத்து மாதக் காசுக்குப் பன்னிரண்டு மாதம் என்ற சலுகை தாராள மனசால் வருவதல்ல.

சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு நன்றாகத் தெரிந்த பள்ளம் இங்கேதான் இருக்கிறது. முன்பணமாக வந்த சந்தா வருமானமல்ல, கடன். கணக்கில் அதைப் பொறுப்புகள் பக்கம்தான் எழுதவேண்டும். மாதம் கழியக் கழியத்தான் நம் காசாகும். நானும் நண்பர்களும் நடத்திய இதழ் ஐந்தாவதோடு நின்றுபோனது. கருத்து முரண்பாடு என்று வெளியில் சொல்லிக்கொண்டோம். உண்மையில் பன்னிரண்டு இதழுக்கு வாங்கிய சந்தாவை ஐந்து இதழின் காகிதமும் அச்சும் தின்றுவிட்டன. மீதி ஏழு இதழ் இன்றுவரை நாங்கள் தீர்க்காத கடன். வத்தலக்குண்டுக்காரர் சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கியபோது 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று வரம்பு கட்டினார். சந்தா அந்த வரம்பைத் தொடவே இல்லை. ஆனாலும் 1970 வரை 119 இதழ்கள் வந்தன. புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். வாசகர் தராததை அவருடைய உடம்பு தந்தது.

ஆக, சுயமுதல் என்று சொல்லப்படுவதற்குள் பிறருடைய கடன் ஒளிந்திருக்கிறது. முன்கூட்டிக் கட்டியவர் வட்டியில்லாக் கடன் தந்தவர். கம்பெனி தலையெடுக்கும்வரை காத்திருந்த ஊழியரும் அப்படித்தான். பள்ளிப்படிப்பு முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுப்பதை 2000களின் நடுவில் ஜோஹோ தொடங்கியது. 2011இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. இதை வெறும் மலிவு உழைப்பு என்று தள்ளிவிட நான் தயாரில்லை. பட்டம் என்கிற வாசல்காவலைத் தாண்டிப் பிள்ளைகள் உள்ளே போயிருக்கிறார்கள். ஆனால் பங்குகளில் பெரும்பகுதி நிறுவனர் குடும்பத்திடமே இருக்கிறது. ஜோஹோவிலிருந்து வெளியேறிய கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் வெளிமுதல் வாங்கி வளர்ந்தது. 2021இல் அது நாஸ்டாக்கில் பட்டியலானபோது ஊழியர்களில் 500க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர் ஆனதாகச் செய்தி வந்தது. அந்நிய முதல் கெட்டது, சுயமுதல் நல்லது என்கிற நம்முடைய எளிய எதிர்மை இங்கே குழம்பிப்போகிறது.

காத்திருப்பதும் ஒரு முதல்தான். உப்புச் செட்டியாருக்குக் கடன் தரப் பங்காளிகள் இருந்தார்கள். அமெரிக்காவில் வேலை பார்த்த பொறியாளருக்குத் திரும்பிப்போக அந்த வேலை இருந்தது. இரண்டு வருடம் வரும்படியில்லாமல் கணினிமுன் உட்கார்ந்திருக்க, ஆயக்குடிப் பக்கத்துத் தலித் இளைஞனுக்கு யார் சோறு போடுவது? சாதி, கடன் கிடைப்பதில் மட்டுமல்ல, காத்திருக்க முடிவதிலும் வேலை செய்கிறது. சுயமுதல் புகழ்பாடிகள் யாரும் இதைப் பேசுவதாகக் காணோம்.

நண்பர் இப்போது பங்குனி உத்திரம் கழிந்துதான் சந்தா கேட்கிறார். கடைகளில் காசு புழங்குகிற சமயம் அது. வந்ததைப் பன்னிரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு மாதம் ஒரு பங்கைத்தான் தொடுகிறார். சந்தா நின்றுபோனாலும் பழைய பில், இருப்பு, பற்றுவரவு எல்லாவற்றையும் கடைக்காரர் எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளை மாற்றியிருக்கிறார். தராசுக் கேள்வி கேட்டவர் இந்த வருடமும் கட்டிவிட்டார். "கணக்கு என்னுதுதானே, அது போதும்" என்றாராம்.