சில்லு வடிவமைப்புப் பயிற்சிக் கூட்டுறவு

சிலிக்கன் சில்லுகளை வடிவமைக்கும் வித்தையைத் தொழில் ஸ்தாபனங்களின் துணைகொண்டு பல்கலைக்கழக மாணவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாடு. இதன் தேவைக்கு ஓசூர் வட்டாரம் ஒரு சான்று. அசோக் லேலண்டும் டைட்டனும் வளர்ந்த ஓசூர் யந்திரத் தொழிலுக்கே பெயர் பெற்றது. மாநில எல்லையிலுள்ள ஜூஜுவாடிச் சோதனைச் சாவடியைத் தாண்டிச் சென்றால் வரும் பெங்களூரிலோ, 1985-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் தன் நிலையத்தை அமைத்தது முதலாக, இவ்வித்தைக்குரிய உத்தியோகங்கள் பெருகின.

சில்லு வடிவமைப்புக்கு வேண்டிய மென்பொருள்களின் உரிமக் கட்டணம் சாதாரணக் கல்லூரிகளின் சக்திக்கு மீறியது. ஆகவே 85,000 பேரைப் பயிற்றுவிக்கும் இலக்கோடு மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 'சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்' திட்டத்தின்கீழ், சினாப்சிஸ், கேடென்ஸ், சீமென்ஸ் முதலிய ஸ்தாபனங்களின் மென்பொருள்கள் அரசுக் கணினி ஆய்வு நிலையமான பெங்களூர் சி-டாக்கின் 'சிப்இன்' மையம் வழியே கல்லூரிகளுக்கு எட்டுகின்றன. மாணவன் திரையில் வரைந்த அடுக்குகளில், இரு கம்பிகளுக்கிடையே விதித்த இடைவெளி இம்மியளவு குறைந்தாலும் சோதனை நிரல் பிழைக்குறியிட்டுத் திருப்பிவிடும். தேறியவை பல கல்லூரிகளின் வரைவுகளோடு ஒரே சிலிக்கன் தகட்டில் இடம்பெற்று, மொகாலியிலுள்ள அரசுக் குறைக்கடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் உருவாகின்றன. முறை பழையதே, எனினும், தான் வரைந்த சில்லைப் பலகையில் பொருத்தி மின்சாரம் செலுத்திப் பார்ப்பதால் வரும் பிரத்தியட்ச ஞானம் பாடநூலால் வாராது. இவ்வழிக்கு முன்னுதாரணமாக, சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' நுண்செயலி 2018-இல் இன்டெல்லின் அமெரிக்க ஆலையில் 22 நானோமீட்டர் முறையிலும், பின்னர் இதே மொகாலி ஆய்வகத்திலும் உருப்பெற்றது.