முதற் பதவியாளரும் மரபும்

ஒரு பதவிக்குரிய அதிகாரங்களைச் சட்டம் வரையறுக்கலாம். அப்பதவியை வகிக்கும் முறையைச் சட்டம் முழுவதும் கற்பிப்பதில்லை. அதனை முதன்முதல் அதில் அமர்பவரே பெரும்பாலும் தம் செயலால் வகுத்துவிடுகிறார். இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டனின் வரலாற்றைச் சான்றாகக் கொள்வோம்.

1787இல் வரையப்பெற்ற அரசியலமைப்பு இப்பதவியைக் குறித்துச் சுருக்கமாகவே பேசுகிறது. 1789 ஏப்ரல் 30ஆம் நாள் நியூயார்க்கில் பதவியேற்ற வாஷிங்டன், தம் ஒவ்வொரு செயலும் பின்வருவோர்க்கு முன்மாதிரியாகும் என்பதை உணர்ந்திருந்தார். அவரை அரசரைப்போல் மேன்மைப் பட்டங்களால் அழைக்க வேண்டுமெனச் செனட் சபையில் சிலர் வாதாடினர். பிரதிநிதிகள் சபை அதற்கு இசையாமையால் ‘குடியரசுத் தலைவர்’ என்னும் எளிய பெயரே நிலைத்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில், உடன்படிக்கை ஒன்றைக் குறித்து ஆலோசனை பெற அவர் நேரிற் செனட் சபைக்குச் சென்றார். உறுப்பினர்களோ அதனை ஒரு குழுவின் ஆய்வுக்கு விட விரும்பினர். மனவருத்தத்துடன் திரும்பிய அவர், பின்னர் இத்தகைய ஆலோசனைக்கு நேரிற் செல்லவில்லை, அதுவே மரபாயிற்று. துறைத் தலைவர்களிடம் எழுத்து வடிவிற் கருத்துக் கேட்கலாம் என்று மட்டுமே அரசியலமைப்பு கூறிற்று. ஜெபர்சன், ஹாமில்டன் முதலியோரை அவர் ஒருங்கே கூட்டி ஆராய்ந்ததால் அமைச்சரவை என்னும் அமைப்புத் தோன்றியது.

இவற்றினும் சிறந்தது அவர் பதவியை விட்ட முறையாகும். 1796இல் விடைபெறும் உரையை வெளியிட்டு, 1797இல் ஜான் ஆடம்சிடம் பொறுப்பு செல்ல வழிவிட்டார். இரு தவணைகளுக்கு மேல் எவரும் ஆளலாகாது என்னும் கொள்கையால் அன்று, முதுமையாலும் ஓய்வு விழைந்தமையாலுமே அவர் விலகினார். அதனைக் கொள்கையாக்கியவர் 1807இல் மூன்றாம் தவணையை மறுத்த ஜெபர்சன் ஆவார். 1940இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை தேர்ந்தெடுக்கப்பெறும்வரை இம்மரபு சட்டமின்றியே நின்றது. 1951இல் அரசியலமைப்பின் 22ஆம் திருத்தமாயிற்று.

ஆயினும், முதல்வரின் நற்செயல்கள் மட்டுமே மரபாவதில்லை. வாஷிங்டன் அடிமைகளை உடையவர். தப்பியோடிய அடிமைகளை மீட்கும் சட்டத்தில் 1793இல் அவர் கையொப்பமிட்டார். தமக்குரிய அடிமைகளை விடுவிக்குமாறு 1799இல் உயில் எழுதினாரேனும், பதவியிலிருந்தபோது அடிமைமுறையை எதிர்த்து அவர் வெளிப்படையாகப் பேசவில்லை. பின்வந்த தலைவர் பலரும் அடிமைகளை உடையவராகவே அப்பதவியில் அமர்ந்தனர். அவர் செயல் மரபானது போலவே அவர் மௌனமும் மரபாயிற்று எனலாம்.

முதற்பொறுப்பேற்பவரின் தனிப்பட்ட விருப்பும் தயக்கமும், அவர் மறைந்தபின் பதவியின் இயல்பாகவே கொள்ளப்படுகின்றன. ஆகவே, ஒரு மரபைப் பெறும் நாம் அதனைப் போற்றுமுன், அது கொள்கையில் தோன்றியதா, சூழ்நிலையில் தோன்றியதா, பேசவேண்டிய இடத்திற் பேசாமையால் தோன்றியதா என ஆராய்தல் கடனாகும்.