நான்கு கட்டங்களில் முடிவிலி



கணிதத்தின் வரலாறு விடை கண்டோரின் வரலாறு மட்டுமன்று. முன்னோர் இட்ட வேலியை நோக்கி, ‘இவ்வேலி இங்கு நிற்கவேண்டிய அவசியம் யாது?’ என வினவியோரின் வரலாறுமாகும். லீ அட்சரகணிதம் என்னும் துறை முடிவுள்ள பரிமாணங்களைக் கடந்து முடிவிலியினுட் புகுந்த கதை இதற்குத் தக்க சான்றாகும்.

இத்துறைக்குப் பெயர் தந்தவர் நோர்வே நாட்டவரான சோபஸ் லீ. 1870ஆம் ஆண்டில், பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்ட வேளையில், பிரான்சில் கால்நடையாகச் சென்றுகொண்டிருந்த இவரை ஒற்றரெனக் கருதிக் கைதுசெய்தனர். கையிலிருந்த கணிதக் குறிப்புகள் இரகசிய எழுத்தெனக் கொள்ளப்பட்டன. ஏறத்தாழ ஒரு மாதம் பொந்தென்புளோ நகரிற் சிறையிருந்த லீ, அங்கும் கணிதச் சிந்தனையைக் கைவிட்டாரல்லர்.

அவர் ஆராய்ந்த பொருள் யாது? மேசைமேற் கிடக்கும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதனை வலப்புறமாகக் காற்பங்கு திருப்பி, பின்னர் உங்களை நோக்கி நிமிர்த்துங்கள். மறுமுறை, முதலில் நிமிர்த்திப் பின்னர் திருப்புங்கள். புத்தகம் இருமுறையும் ஒரே நிலையில் நில்லாது. செயல்களின் ஒழுங்கு மாறினால் விளைவும் மாறுகின்றது. மிகச் சிறிய அசைவுகளில் இவ்வேறுபாட்டை அளந்து, அதனையே ஒரு பெருக்கலாகக் கொள்ளும் கணிதமே லீ அட்சரகணிதம்.

லீ தொடங்கிய பணியை வகைப்படுத்தி முடிக்க முனைந்தவர் வில்ஹெல்ம் கில்லிங். கிழக்குப் பிரசியாவின் பிறவுன்ஸ்பேர்க் என்னும் சிற்றூர்க் கல்லூரியொன்றில், பெரும் பல்கலைக்கழகங்களின் தொடர்பு அரிதாகிய நிலையில், கற்பித்தற் சுமைக்கிடையே இவர் உழைத்தார். 1888 முதல் 1890 வரை வெளியான கட்டுரைகளில், பகுக்கவொண்ணாத இவ்வட்சரகணிதங்கள் நான்கு பெருங்குடும்பங்களாகவும், அவற்றுட் சேராத சில தனியினங்களாகவும் மட்டுமே அமையும் என்று காட்டினார். அவருடைய நிறுவல்களிற் குறைகள் இருந்தன. பிரான்சு நாட்டு எலி கார்ட்டான் 1894ஆம் ஆண்டு ஆய்வேட்டில் அவற்றைத் திருத்தி, தனியினங்கள் ஐந்தே என உறுதிப்படுத்தினார்.

இவ்வாராய்ச்சியின் வியத்தகு பயன் ஒன்றுண்டு. எத்துணைப் பெரிய அட்சரகணிதமாயினும், அதன் சாரத்தை முழுவெண்கள் நிறைந்த சிறு சதுரச் சட்டகத்தில் அடக்கிவிடலாம். கணித நூலார் இதனைக் கார்ட்டான் தாயம் என்பர். நான்கு கட்டங்களை எண்ணிக்கொள்ளுங்கள். மூலைவிட்டத்தின் இரு கட்டங்களில் 2ஐயும், எஞ்சிய இரண்டில் −1ஐயும் இடுங்கள். இதிலிருந்து எட்டுப் பரிமாணமுள்ள அட்சரகணிதம் ஒன்று பிறக்கின்றது. இத்தகைய சட்டகம் ஒரு நிபந்தனைக்கு உட்படவேண்டும்: அதன் துணிகோவை நேரெண்ணாதல் வேண்டும். மேலே சொன்னதற்குத் துணிகோவை 4இலிருந்து 1 போக 3. இந்நிபந்தனையே வேலி.

வேலியை நீக்கினால்? −1 இருந்த இடங்களில் −2ஐ இடுங்கள். துணிகோவை 4இலிருந்து 4 போகச் சுழியமாகின்றது. மாற்றியது இரண்டு கட்டங்கள் மாத்திரமே. பிறப்பதோ முடிவிலாப் பரிமாணமுடைய அட்சரகணிதம்.

இதனை ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒருவரையொருவர் அறியாது கண்டோர் இருவர். கனடாவில் ரொபேட் மூடி சட்டகத்தின் வழியே சென்று 1967, 1968ஆம் ஆண்டுகளிற் தம் முடிபுகளை வெளியிட்டார். மொஸ்கோவில் விக்டர் காட்ஸ் வேறு வழியால் அவ்விடத்தை அடைந்தார். முடிவிலாப் பரிமாண இனங்கள் சிலவற்றைக் கார்ட்டான் 1909இலேயே வகுத்திருந்தார். 1966இல் கொஸ்திரிக்கின், சபரேவிச் என்னும் இருவர், ஒன்றைப் பலமுறை கூட்டச் சுழியமாகும் எண்புலங்களின் மீதமைந்த முடிவுள்ள அட்சரகணிதங்களுக்கும் கார்ட்டானின் இனங்களுக்கும் நெருங்கிய உறவுண்டெனச் சுட்டினர். மொஸ்கோவில் இத்தகைய சிந்தனைகள் நிலவிய சூழலிற்றான் காட்ஸ் வளர்ந்தார். இன்று இப்புதிய இனம் இருவர் பெயராலும் காட்ஸ்–மூடி அட்சரகணிதம் என வழங்குகின்றது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். வேலியைப் பிடுங்குவது எளிது. அப்பாலுள்ள நிலம் விளைநிலமா, வெறுந்தரையா? இதனைத் தீர்மானிப்பது பிரதிநிதித்துவக் கொள்கை. ஒரு கூத்தின் ஏடு ஒன்றாயினும் அது பல மேடைகளில் ஆடப்படுவதுபோல, ஓர் அட்சரகணிதம் பல வெளிகளிற் செயற்படலாம். அவ்வாறு செயற்படும் ஒவ்வொரு முறையும் ஒரு பிரதிநிதித்துவம். ஏட்டின் பெருமை மேடையில் விளங்கும். 1974இல் காட்ஸ் தந்த சூத்திரம் இப்பிரதிநிதித்துவங்களை எண்ணி அளக்க வழிசெய்தது.

விளைச்சல் தமிழகத்து மேதையொருவரின் வயலோடு தொடர்புற்றது. கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன் கண்ட சமன்பாடுகளுள் ஒன்றைக் கேளுங்கள். 9 என்னும் எண்ணை, கூறுகள் ஒன்றுக்கொன்று குறைந்தது 2ஆல் வேறுபடுமாறு பிரியுங்கள்: 9, 8+1, 7+2, 6+3, 5+3+1 என ஐந்து வழிகள். இனி, ஐந்தால் வகுக்க மீதி 1 அல்லது 4 வரும் கூறுகளால் மாத்திரம் பிரியுங்கள்: 9, ஒரு 6உம் மூன்று 1உம், இரண்டு 4உம் ஒரு 1உம், ஒரு 4உம் ஐந்து 1உம், ஒன்பது 1கள். மீண்டும் ஐந்தே! எவ்வெண்ணுக்கும் இவ்விரு தொகைகளும் சமம். ஆங்கிலேயரான றொஜர்ஸ் 1894இல் இதனை நிறுவியிருந்தார். எனினும் உலகம் அதனைக் கவனித்திலது. இராமானுசன் தாமாகவே இதனைக் கண்டு, 1917இற் பழைய சஞ்சிகையொன்றைப் புரட்டியபோது றொஜர்சின் கட்டுரையை எதிர்கொண்டு வியந்தார்.

நிறுவல்கள் பல தோன்றியும், ‘இச்சமத்துவம் ஏன்?’ என்னும் வினா எஞ்சி நின்றது. 1978இல் லெப்பொவ்ஸ்கி, மில்ன் என்போர், நாம் மேலே நான்கு கட்டங்களிற் கண்ட அதே அட்சரகணிதத்தின் பிரதிநிதித்துவங்களில் இராமானுசனின் பெருக்கற்கோவைகள் தோன்றுவதைக் கவனித்தனர். 1984இல் லெப்பொவ்ஸ்கியும் வில்சனும் முழு விளக்கம் தந்தனர். அப்பிரதிநிதித்துவத்துள் அமைந்த ஒரு வெளியை ஒருவழியால் எண்ண முதற்தொகையும், மறுவழியால் எண்ண இரண்டாந்தொகையும் வருகின்றன. எண்ணிய பொருள் ஒன்றே. தொகைகள் எங்ஙனம் வேறுபடும்?

கதை அத்துடன் நின்றுவிடவில்லை. சிக்கலெண்களின் மீது எழுந்த இவ்வமைப்புக்கு இயைந்த கூட்டங்களை எப்புலத்தின் மீதும் அமைக்கலாமென 1987இல் ஜாக் டிட்ஸ் காட்டினார். சிற்றூர் ஆசிரியரொருவரின் குறையுள்ள நிறுவலும், இருவேறு தேசத்து இளைஞரின் துணிவும், இராமானுசனின் எண்களும் ஒரே சட்டகத்தில் வந்து கூடின. விரிவுபடுத்துதல் வெறும் விளையாட்டா என்பதற்கு வரலாறு தரும் உரைகல் இதுவே: புதிய நிலம், பழைய உண்மையொன்றின் காரணத்தைக் காட்டுமாயின், அது விளைநிலமேயாம்.