கஞ்சித் தொட்டியும் பட்டா நிலமும்

கல்பாக்கம் அணுமின் நகரியத்துக்கு மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிறது. அதன் கரையோர டீக்கடை ஒன்றில் நான் கேட்ட சண்டை இது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குப்பத்து ஜனங்களுக்கு வீடு கட்டித் தந்தது யார்? 'சர்க்காரு எங்கய்யா செஞ்சுது, எல்லாம் டிரஸ்ட்டுக்காரங்கதான்' என்றார் ஒருவர். 'எடம் எவன் குடுத்தான்? ஒங்க டிரஸ்ட்டா?' என்றார் மற்றவர். இருவர் சொன்னதும் உண்மைதான். 2005இல் அரசே தொண்டு நிறுவனங்களை வீடு கட்ட அழைத்தது. ஆனால் இந்த விவாதத்தில் கொடுப்பவர் மட்டுமே பேசப்படுகிறார். வாங்குகிறவர் எங்கே நிற்கிறார்?

இதற்குப் பதில் தேட அந்தக் கால்வாயையே பிடித்துக்கொண்டு போகலாம். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் சுமார் ஐந்து மைல் பகுதி, 1877-78இல் தாது வருஷப் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களைக் கொண்டு வெட்டப்பட்டது. அன்றைய கவர்னரின் பெயர்தான் இன்றும் அதற்கு. வெட்டியவர்களுக்குப் பெயர் இல்லை. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் கூலியைக் குறைத்தார்: ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் சில்லறைக் காசு. இது உடம்புக்குப் போதாது என்று சென்னையின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் வாதாடினார். அரசு நிவாரணம் என்ற சொல்லாடல் இங்கே உடம்பை அளக்கிறது: எவ்வளவு குறைத்தால் இவன் மண்வெட்டியோடு நிற்பான்?

அப்படியானால் தர்மம் மேலா? 1877 ஆகஸ்டில் பக்கிங்ஹாம் கோமகன் பிரிட்டிஷ் மக்களிடம் உதவி கேட்டார். லண்டன் மான்ஷன் ஹவுஸ் நிதியாகச் சுமார் 7 லட்சம் பவுன் சேர்ந்தது. அதனால் பலர் பிழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் நிதி யாருக்கு என்ற வகைப்பாட்டைப் பாருங்கள்: அநாதைகள், மாடும் விதையும் இழந்த பயிர்ச்செலவுக்காரர்கள், வெளியே வந்து கையேந்த முடியாத 'கௌரவமான' குடும்பங்கள், கோஷாப் பெண்கள். கௌரவம் உள்ளவனுக்கு வீட்டுக்கே வரும்; இல்லாதவன் கஞ்சித் தொட்டியில் வரிசையில் நிற்கணும். அரசு உடம்பை அளந்தது. தர்மம் மானத்தை அளந்தது, அதுவும் சாதிப் படிக்கல்லை வைத்து.

இரண்டுமே தொடாத ஒன்று நிலம். மிராசுதாரர்களின் பிடியில் இருந்த செங்கல்பட்டில், குடியிருக்கும் மனைகூடச் சேரிக்குச் சொந்தமில்லை. தரிசு நிலத்தைக் கேட்டாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை. ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் இதை எழுதினார்கள். 1891இல் கலெக்டர் டிரமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய தன் குறிப்பை அரசுக்கு அனுப்பினார். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது. பிறகு, வேறு சாதியாருக்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு நிலம் ஒதுக்கப்பட்டது. இதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். இங்கே தர்மம் செய்யப் போனவர்களே அரசின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. சோறு போட மிஷனால் முடியும், பட்டா போட முடியாது.

ஆகவே நலத்திட்டத்துக்குப் பணம் அரசுதான் தரவேண்டும் என்பதே என் கட்சி. அரசு கருணை மிக்கது என்பதால் அல்ல. டெம்பிளைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வராது. அரசிடம் ஆணையைக் காட்டிச் சண்டை போடலாம், அவ்வளவுதான் காரணம். தர்மகர்த்தாவிடம் நன்றி மட்டும்தான் சொல்ல முடியும். அவர் நாளைக்கு நிறுத்திவிட்டால் எந்த அலுவலக வாசலில் போய் நிற்பது?

அந்தச் சண்டைக்கும் விலை உண்டு. பஞ்சமி நிலங்கள் நிபந்தனையை மீறிக் கைமாறின. 1994 அக்டோபரில், காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது, செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். ஆணை பிறந்து 102 வருஷம் ஆகியிருந்தது. கஞ்சி வாங்கப் போனவர்களை யாரும் சுடவில்லை. பட்டாவைக் கேட்டவர்களைச் சுட்டார்கள். எது சலுகை, எது உரிமை என்பது சுட்டவர்களுக்குத் தெளிவாகவே தெரிந்திருக்கிறது.