உப்புக் குகைக்குள் ஹைட்ரஜன்: கசிவு எங்கே தொடங்கும்?

வெயிலும் காற்றும் அதிகமாக இருக்கும் நாட்களில் மிஞ்சும் மின்சாரத்தை வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் தயாரிக்கலாம். சரி, அதை மாதக்கணக்கில் எங்கே சேமிப்பது? பல நாடுகள் கைகாட்டும் இடம், நிலத்தடி உப்புப் பாறை.

"உப்புதானே, கரைஞ்சிடாதா?" என்று கேட்பீர்கள். தண்ணீரில் கரையும். குகையை உருவாக்குவதே அப்படித்தான்: கிணறு தோண்டி, தண்ணீரைச் செலுத்தி, கரைந்த உப்பை வெளியே எடுத்துவிடுவார்கள். ஆனால் ஹைட்ரஜன் வாயு உப்பைக் கரைக்காது. இங்கிலாந்தின் டீஸ்சைடில் 1972-லிருந்தும், அமெரிக்காவின் டெக்சாஸில் 1983-லிருந்தும் இப்படிச் சேமித்து வருகிறார்கள்.

ஆழத்தின் அழுத்தத்தில் உப்புப் பாறை மிக மெதுவாக நகரும். அதனால் சின்ன விரிசல்கள் தானாகவே மூடிக்கொள்ளும். இதே குணத்தால் குகையும் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். ஆகவே அதை முழுசாகக் காலி செய்ய முடியாது. சுவரைத் தாங்கிப்பிடிக்க ஒரு பகுதி வாயு எப்போதும் உள்ளேயே இருக்க வேண்டும். அந்த வாயுவுக்குப் போட்ட பணமும் அங்கேயே முடங்கும்.

அப்படியானால் ஆபத்து எங்கே? பெரும்பாலும் கிணற்றில்தான். 2001 ஜனவரியில், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உப்புக் குகையில் வைத்திருந்த இயற்கை எரிவாயு, சேதமடைந்த கிணற்றுக் குழாய் வழியாகக் கசிந்தது. நிலத்தடியிலேயே சுமார் 11 கி.மீ. பயணித்து, ஹட்சின்சன் நகரில் எல்லோரும் மறந்துபோன பழைய உப்புநீர்க் கிணறுகள் வழியாக மேலே வந்து வெடித்தது. இருவர் இறந்தனர். பாறை தாங்கியது, குழாய் தாங்கவில்லை.

ஹைட்ரஜன் என்றால் கவலை இன்னும் கொஞ்சம் கூடும். அதன் மூலக்கூறு மிகச் சிறியது; சில வகை எஃகை நொறுங்கும் தன்மையுள்ளதாக மாற்றிவிடும். குகையின் அடியில் தேங்கிய உப்புநீரில் வாழும் சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜனைத் தின்று, நச்சுத்தன்மையுள்ள ஹைட்ரஜன் சல்பைடை உருவாக்கலாம். அது குழாயையும் அரிக்கும்.

என்னைக் கேட்டால், "50 வருட அனுபவம் இருக்கே" என்ற வாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. டீஸ்சைடும் டெக்சாஸும் ரசாயன, சுத்திகரிப்பு ஆலைகளுக்கானவை. காற்றாலை, சூரிய மின்சாரத்தோடு இணைத்தால் அடிக்கடி நிரப்பி, அடிக்கடி காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் அழுத்தமும் வெப்பமும் ஏறி இறங்கும். பாறை, சிமென்ட், குழாய் எல்லாம் அதைத் தாங்கணும்.

2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்பது இந்தியாவின் இலக்கு. ராஜஸ்தானின் பிகானேர் பகுதியில் நிலத்தடி உப்புப் படிவங்கள் உண்டு. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூரில் நாம் கச்சா எண்ணெய் சேமிப்பவை கடினப் பாறையைக் குடைந்த குகைகள், உப்பில் கரைத்தவை அல்ல.